சமாத்தின் பாதி

நரின் என்ற மலையூரின் பஜாரில் இரும்புக் கன்டெய்னர்களையே கடைகளாக்கிய வரிசையில் நான்காவது கடை அசில்கானுடையது. நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணி. பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, தலைமையாசிரியரோடு ஒத்துவராமல் ஆய்வுக்கூடச் சாவியை அவர் மேசைமேல் வைத்துவிட்டு நடந்தவள். கம்ப்யூட்டர் வேலையைத் தானே கற்றுக்கொண்டாள். நறுக்கென்று பேசுவாள், கை சுத்தம். பக்கத்துக் கடையில் தொப்பி விற்கும் தோகோன் மட்டும் அவளை இன்னும் "டீச்சரம்மா" என்று வம்புக்கு இழுப்பான்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் பெர்மெத் ஒரு லேப்டாப்பைச் சால்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் கணவன் சமாத், ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவன். துக்கம் கேட்கப் போனவர்களில் அசில்கானும் ஒருத்தி. சவப்பெட்டியோடு வந்த லேப்டாப்பை ஆண்டுச் சடங்கு முடியும்வரை பெர்மெத் திறக்கவேயில்லை. திறக்கச் சார்ஜரும் இல்லை.

"வீட்டுலேர்ந்தே பாக்குற மாதிரி ஒரு வேல கெடச்சிருக்குக்கா. திங்கக்கிழம ஆரம்பிக்கணும். அதுக்கு விண்டோஸ் ஆகாதாம், லினக்ஸ் இருக்கணுமாம். பாதி எனக்குப் போட்டுக் குடுங்க. மீதிப் பாதி அவரோடது. அதுல மட்டும் கை வைக்காதீங்க."

"ஒரே வீட்டுல ஆளுக்கொரு ரூம் மாதிரி வெச்சுத் தர்றேன். ஒருத்தர் ரூமுக்குள்ள இன்னொருத்தர் போக வேண்டியதில்ல. போதுமா?"

பெர்மெத் கொஞ்சம் சிரித்தாள். ஒரு வருடத்தில் அதுவே பெரிது.

அசில்கான் பொருத்தமான சார்ஜரைத் தேடிச் செருகினாள். எப்போதும் செய்வதுபோல லேப்டாப்பின் விண்டோஸைத் தொடாமல் பென்டிரைவிலிருந்து துவக்கினாள். முதலில் படங்கள், வீடியோக்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தாள். ஒன்றும் விடவில்லை. பிறகு விண்டோஸ் இருந்த பகுதியைச் சுருக்கச் சொன்னாள். இயந்திரம் மறுத்தது. இது அணைக்கப்படவில்லை, உறக்கத்தில் இருக்கிறது, உறக்கத்தில் வைத்திருப்பதை அழித்துவிடவா என்று கேட்டது.

நரினில் யாரும் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைப்பதில்லை. குளிர்காலம் முழுக்க மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர். உறங்க வைத்துவிட்டால், திரையில் திறந்திருப்பதையெல்லாம் டிஸ்க்கின் ஒரு மூலையில் கொட்டிவிட்டு அணைந்துபோகும். மறுபடி போட்டால் விட்ட இடத்திலேயே எழும். கடைக்கு வரும் பத்தில் ஒன்பது இப்படித்தான் வரும். திறந்து பார்த்தால் பாதி ஆடிய சீட்டாட்டம் இருக்கும். அசில்கானுக்குக் கை பழகிப்போயிருந்தது. "ஆமாம்" என்று தட்டினாள்.

பகுதி சுருங்கியது. மிஞ்சிய இடத்தில் லினக்ஸ் ஏறியது. எல்லாம் சரியா என்று பார்க்கக் கடைசியாக விண்டோஸைத் திறந்தாள். திரையின் நடுவில் ஒரு கோப்பு இருந்தது. பெயர், "பெர்மெத்துக்கு".

திறந்தாள். காலி.

உருவாக்கிய தேதியைப் பார்த்தாள். சமாத் விழுந்த நாளுக்கு முந்தின இரவு, ஒன்பது நாற்பது. இயந்திரம் தானே எழுதிவைக்கும் குறிப்பேட்டைப் புரட்டினாள். உறங்கப் போனது பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் அந்தப் பக்கம் திறந்திருக்கிறது. எழுதியதைச் சேமிக்காமல், நரின்காரன் வழக்கப்படி உறங்க வைத்துவிட்டுப் படுத்திருக்கிறான். பென்டிரைவைச் செருகாமல் பொத்தானை மட்டும் அழுத்தியிருந்தால் அவன் எழுதியது அப்படியே கண்முன் எழுந்திருக்கும்.

மீட்கப் பார்த்தாள். மதியம்வரை முட்டி மோதினாள். திறந்திருந்ததைக் கொட்டிவைத்த அந்த மூலையின்மேல்தான் அவள் கையாலேயே லினக்ஸ் ஏறி உட்கார்ந்திருந்தது.

தேநீரோடு வந்த தோகோனிடம் சொன்னாள்.

"பேசாம இரு டீச்சரம்மா. அது இருந்ததே அவளுக்குத் தெரியாது. தெரியாதத யாராவது தேடுவாங்களா? சொல்லி, ஆறுன புண்ணக் கீறப் போறியா?"

"அந்தப் பேரப் பாத்தா என்னன்னு கேப்பாளே."

"கேட்டா, காலியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லு. அதுவும் பொய்யில்லயே."

அதுதான் அவளை உறுத்தியது. பொய் இல்லைதான். அந்தக் கோப்பை அழித்துவிட்டால் கேள்வியே வராது. விரல் அந்தப் பொத்தான்மேல் போய் நின்றது. ஒரே நாளில் ஒரே மனிதனை இரண்டு முறை அழிக்க அவளால் முடியவில்லை.

மாலை பெர்மெத் வந்ததும் உட்காரவைத்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்தக் கோப்பையும் அதன் நேரங்களையும், பழக்கதோஷத்தில் தட்டியதையும், மீட்க முடியாததையும் சொன்னாள். "தப்பு என்னோடதுதான்" என்றாள்.

பெர்மெத் கத்தவில்லை. "லேப்டாப்ப எத்தன மணிக்குத் தூங்க வெச்சார்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு அம்பத்திரண்டு."

"நாங்க அந்த ஊர் நேரம் ஒம்போதரைக்குச் சண்ட போட்டோம்க்கா. இனிமே என்கூடப் பேசாதீங்க, போய்த் தூங்குங்கன்னு போன வெச்சுட்டேன். அவரும் திரும்பக் கூப்பிடல. கோவத்தோடயே தூங்கிட்டார், அந்தக் கோவத்தோடயே சாரத்துல ஏறிட்டார்னு ஒரு வருஷமா..." லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள். "தூங்கலையா அப்போ?"

"தூங்கலம்மா. ஒனக்கு எழுதிக்கிட்டிருந்தார்."

பெர்மெத் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நிமிர்ந்தபோது கண்ணில் கோபம் இருந்தது. "ஒரு வரி, ஒரே ஒரு வரியாவது எனக்கு விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"



பெர்மெத் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். தன் பாதியை அவள் பார்க்கவில்லை. அந்தக் கோப்பைத் திறந்தாள். வெள்ளைப் பக்கத்தை மேலிருந்து மெல்ல மெல்லப் படிக்கத் தொடங்கினாள். அசில்கான் வெளியே வந்து, யாரும் உள்ளே போகாதபடி கதவைச் சாத்திவிட்டுக் குளிரில் நின்றாள்.