மூன்று தண்ணீர் அலசிப் போட்ட ஆகாயத்தாமரை

ஆகாயத்தாமரையைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. பூ அழகாக இருக்கிறதாம். எங்கள் ஏரிக்கரையில் நின்று போட்டோ எடுக்கிறவர்களின் செல்போனைப் பிடுங்கித் தண்ணீரில் எறியலாமா என்று தோன்றும். எறிந்தாலும் மூழ்காது, செடியின் மேலேயே கிடக்கும். அவ்வளவு அடர்த்தி.

ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் எங்கள் ஊர். தெரு முழுக்க விசைத்தறி. எங்கள் வீட்டில் தறியோடு சாயத்தொட்டியும் உண்டு. நூலுக்குச் சாயம் ஏற்றுவது என் கணவர், அலசுவது நான். அலசிய தண்ணீரை வாசல் சாக்கடையில் விட்டால் அது தானாக ஏரிக்குப் போய்விடும். தெருவே அப்படித்தான் விட்டது. அதையும் ஊர்க் கழிவையும் தின்று கொழுத்துத்தான் அந்தச் செடி கரைக்குக் கரை பரவியது. மீன் செத்து மிதந்தது, வலை வீசுகிறவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், மதகு அடைத்துக்கொண்டது. கொசு மட்டும் செழிப்பாக இருந்தது.

போன வருஷம் கோடையில் எங்கள் மகளிர் சங்கத்துக்குப் பயிற்சி கொடுக்கவென்று ஒருவர் ஜீப்பில் வந்தார். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ்.

"இதி செடி காதம்மா, பங்காரம்," என்றார். "செடி இல்ல, தங்கம். உரம் போடலாம், காய வெச்சு கூடை பின்னலாம், எருமைக்குத் தீனியாகூட போடலாம்."

எந்த ஏரியில் வளர்ந்த செடி, அதில் என்ன தண்ணீர் கலக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏரி கூப்பிடு தூரத்தில் இருந்தது, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சொல்லி முடித்து, எங்களை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கென்ன, தின்னப்போவது அவர் வீட்டு எருமையா?

அந்தக் கோடையில் வைக்கோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. என் எருமை ஏழு மாதச் சினை, தலையீற்று. தறியும் தொட்டியும் கணவர் பேரில் இருப்பவை. அந்த எருமை ஒன்றுதான் என்னுடையது. பெண்ணாக, கிடேரிக் கன்றாகப் பிறக்க வேண்டும் என்று தினமும் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே வேண்டுவேன்.

கண்ணை மூடிக்கொண்டு போட்டேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நூலை எப்படி அலசுவேனோ அப்படித்தான் செடியையும் அலசினேன். நூலில் முதல் தண்ணீர் சாயமாக ஓடும், இரண்டாவது வெளிறும், மூன்றாவது தெளிந்துவிட்டால் நூல் தேறிவிட்டது, தறிக்குக் கொடுக்கலாம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. வேரை அறுத்து எறிந்துவிட்டு, போர் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுத்தேன். மூன்றாம் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. எருமை ஆசையாகத் தின்றது. பக்கத்து வீட்டுக்காரியிடமும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலில் எருமைக்குக் கழிச்சல் கண்டது, பிறகு தீனியைத் தொடவில்லை, ஒருநாள் காலையில் மாதம் நிறையாமலே செத்த கன்றை வீசிவிட்டது. கிடேரிதான். முடிகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். என்ன தீனி என்று கேட்டார்.

"ஏரிச் செடி சார். மூணு தண்ணி அலசித்தான் போட்டேன்."

"மேல ஒட்டிக்கினு இருக்கிறது அலசினா போவும். உள்ள இழுத்துக்கினது எப்படிம்மா போவும்? சாயத்தண்ணியில கீறதெல்லாம் அந்தச் செடி உறிஞ்சி வெச்சுக்கும். இதாலதான்னு நான் எழுதிக் குடுக்க முடியாது. இனிமே போடாதீங்க."

ஜீப்பில் வந்தவருக்குப் போன் போட்டேன். பயிற்சிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார். வாய்க்கு வந்தபடி திட்டினேன், போன் அணைந்த பிறகும் திட்டினேன். ஆனால் அவரைத் திட்டி என்ன? மூன்றாம் தண்ணீர் தெளிந்தால் நூலில் சாயம் இல்லை என்றா அர்த்தம்? நன்றாக உள்ளே பிடித்துக்கொண்டது, இனி எத்தனை அலசினாலும் வராது என்று அர்த்தம். இது என் தொழில். இருபது வருஷமாகக் கை வெந்து கற்ற தொழில். செடி என்றதும் அது என் புத்திக்கு எட்டவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கணவர் அரக்குச் சாயம் முடித்தார். அண்டா நிறையக் கழிவுத் தண்ணீர் நின்றது. நான் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"சாக்கடையில வுடாதய்யா."

"வேற எங்க வுட்றது, நடுக்கூடத்துலயா? தெருவே வுட்டுக்கினு கீது. நாம ஒருத்தர் நிறுத்திட்டா ஏரி வெளுத்துடுமா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். உள்ளே அடுத்த நூல் காத்துக்கொண்டிருந்தது. அந்த அண்டாவை ஒரு ஆளால் தூக்கிச் சாய்க்க முடியாது. அவர் ஒரு பக்கத்து வளையத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இன்னொரு வளையத்தை நான் பிடித்தேன்.