அப்பா ஆறுதலாக நடந்த ஊர்

என் அப்பாவுக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. இல்ஃபோர்டில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும்போது அவர் முன்னால் போவார். அம்மாவும் நானும் தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு பின்னால் ஓடுவோம். சந்தியில் எங்களுக்காகக் காத்து நிற்பார். நாங்கள் கிட்டப் போனதும் உடனே கிளம்பிவிடுவார். ஆகவே இளைப்பாறுவது அவர், மூச்சு வாங்குவது நாங்கள். "ஆராவது உங்களைக் கலைச்சுக்கொண்டு வாறாங்களோ?" என்று அம்மா நடுத்தெருவில் நின்று கேட்பார். மனோர் பார்க் கோயிலிலும் இதே கதைதான். மற்றவர்கள் ஒரு சுற்று வருவதற்குள் அப்பா மூன்றையும் முடித்து, திருநீறு பூசி, காலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். முருகனுக்கே அவரைச் சரியாகப் பார்க்க நேரம் கிடைத்திருக்காது.

எங்களுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த வருடம் எனக்கு ஒன்பது வயது. பாஸ்போர்ட் வந்ததும் முதலில் எங்கே போவது என்பது எங்கள் சனத்துக்கு ஒரு பெரிய கேள்வி. சிலர் ஊருக்குப் போனார்கள், சிலர் கனடாவில் இருக்கும் அக்காவிடம் போனார்கள். நான் ராட்டினங்கள் இருக்கும் ஏதாவது ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்று அடம்பிடித்தேன். அப்பா ஒரே சொல்லில் இத்தாலி என்றார். எங்கள் வீட்டில் இத்தாலி என்றால் அந்த நாட்டின் தெற்கே, கடலோரத்தில் இருக்கும் ஒரேயொரு பழைய ஊர். லண்டனுக்கு வருவதற்கு முன் அப்பா அங்கே நாலு வருடம் இருந்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டாவது தேத்தண்ணியோடு அந்த ஊர்க் கதை தொடங்கிவிடும். "கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பன்" என்பார். கடலில் நீந்தலாம் என்று சொன்னபடியால் நான் சமாதானமானேன்.

அங்கே நாங்கள் தங்கிய ஹோட்டல்காரி ஒரு வரைபடம் தந்தாள். அதில் ஒரு சிவப்புக் கோடு பழைய கோட்டை வாசலில் தொடங்கி, கடைத்தெரு, மாதா கோயில், சதுக்கம் என்று வளைந்து வளைந்து போய், கடற்கரையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீட்டடியில் முடிந்தது. அவசரமில்லாமல் ஆறுதலாக நடந்து ஊர் பார்ப்பவர்களுக்கான வழி என்று மேலே எழுதியிருப்பதாக அப்பா வாசித்துச் சொன்னார். காலையிலேயே முழுக்கைச் சட்டையை மினுக்கி, திருவிழாவுக்குப் போகிறவர்போல வெளிக்கிட்டு நின்றார். நான் சட்டைக்குள் நீச்சலுடை போட்டிருந்தேன். அம்மா அறைக்குள் களவாக ரைஸ் குக்கரில் அவித்த சோற்றைச் சம்பலோடு பொதி செய்து பையில் வைத்திருந்தார்.

"இண்டைக்கு இந்த வழி முழுக்க நடக்கிறம். ஆறுதலா. ஒருத்தரும் ஓடுறேல்லை" என்றார் அப்பா. இதை அவர் எங்களுக்குச் சொன்னதுதான் வேடிக்கை.

கோட்டை வாசலைத் தாண்டி எடுத்த முதல் திருப்பமே பிழை. சிவப்புக் கோடு நேரே போனது. அப்பாவின் கால்கள் இடப்பக்கத்துச் சந்துக்குள் போயின. இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத சந்து. இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகளின் பின்கதவுகள், குப்பை வாளிகள், வெங்காயத் தோல், பூனைகள். ஒரு குசினிக்குள் யாரோ சட்டி கழுவும் சத்தம் கேட்டது. அப்பா நின்று அந்தக் கதவைப் பார்த்தார். "இந்த மதிலுக்கு அங்கால ஒரு அத்திமரம் நிக்கும்" என்றார். எட்டிப் பார்த்தோம், நின்றது. வளைவில் தண்ணீர்க் குழாய் இருக்கும் என்றார், இருந்தது. ஆனால் மாதா கோயிலை மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த ஊரிலேயே பெரிய கட்டடம் அதுதான். மணி அடிப்பதுகூடக் கேட்டது. எந்தப் பக்கமிருந்து என்று அப்பாவுக்குப் பிடிபடவில்லை.

"நாலு வருசம் இருந்த ஆளுக்குக் கோயில் எங்க எண்டு தெரியாதோ?" என்று அம்மா பகிடி பண்ணினார்.

"நாங்கள் இதாலதான் போய் வாறனாங்கள்."

அம்மா குப்பை வாளிகளைப் பார்த்தார், அந்தக் கதவைப் பார்த்தார். அதன்பிறகு அன்று முழுவதும் அவர் அப்பாவைப் பகிடி பண்ணவில்லை.

அன்று அம்மாவுக்கு விளங்கியதை அவர் எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய பிறகுதான். அந்த நாலு வருடமும் அப்பாவிடம் விசா இல்லை. அந்தக் குசினியில் சட்டி கழுவியவர்களில் அவரும் ஒருவர். பெரிய தெருவில் பொலிஸ் நிற்கும் என்று, அவரும் கூட இருந்த பெடியன்களும் சந்துகளாலேயே வேலைக்குப் போய் வந்தார்கள். சேர்ந்து போகமாட்டார்கள், இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராக, விறுவிறு என்று போவார்கள். வேகமாகப் போகிறவன் வேலைக்குப் போகிறவன், ஆடி அசைந்து போகிறவனைத்தான் மறிப்பார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. சதுக்கத்தையும் கடைத்தெருவையும் அப்பா சந்து முனையில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. இல்ஃபோர்டில் அவர் விரிவாகச் சொன்ன ஊர், பாதி எட்டிப் பார்த்தது, பாதி கேள்விப்பட்டது.

ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அப்பா சொன்னதெல்லாம் புளுகு, இவர் இந்த ஊரில் இருந்ததேயில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். பஸ் பிடித்து நேரே கடலுக்குப் போவோம் என்று கேட்டேன்.

"ஏலாது பிள்ளை. திரும்பவும் வாசல்ல இருந்து துவங்குவம்" என்றார் அப்பா.

உச்சி வெயிலில் திரும்பிக் கோட்டை வாசலுக்கு நடந்தோம். அங்கிருந்து இந்தத் தடவை நேரே போனோம். கடைத்தெரு வந்ததும் அப்பாவின் கால்கள் பழக்கதோசத்தில் பாயத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் ஆளையே காணோம். பிறகு தானே திரும்பி வந்தார், முகம் வேர்த்திருந்தது. "வண்டிலை என்னட்டைத் தாரும்" என்று தள்ளுவண்டியை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டார். கல் பதித்த தெருவில் அந்த வண்டி கடகடவென்று ஆடியது. வேகமாகத் தள்ளினால் நித்திரையில் இருந்த தம்பி எழும்பிவிடுவான். அப்படியாக அப்பா தன் கால்களுக்கு விலங்கு போட்டார். அதன்பிறகு ஒரு கடையையும் விடவில்லை. சப்பாத்துக் கடை, தொப்பிக் கடை, மண்கோப்பைக் கடை என்று ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் நின்று, உள்ளே இருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்ந்தார். மாதா கோயிலுக்குள் போய் எல்லா வாங்கிலும் கொஞ்சம் கொஞ்சம் அமர்ந்து பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

சதுக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். "மற்றப் பக்கத்தால போவமப்பா" என்றார் அம்மா. அவருடைய கை தானாகவே பாஸ்போர்ட்டுகள் இருந்த பையைத் தொட்டது. அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே அவர்களிடமே போனார். வரைபடத்தை விரித்து, வெளிச்சவீடு எங்கே என்று இத்தாலி மொழியில் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஏனென்றால் வெளிச்சவீடு தெருவின் மறுகோடியில் வெள்ளையாக, ஊருக்கே தெரியும்படி நின்றது. "அந்தா தெரியுது அப்பா!" என்று கத்தினேன். அவர் காதில் விழுத்தவில்லை. பொலிஸ்காரர் கையை நீட்டிக் காட்டினார். பிறகு ஏதோ கேட்டார், அப்பா நிமிர்ந்து நின்று ஒரு சொல்லில் பதில் சொன்னார். மற்றவர் தம்பியின் கன்னத்தைத் தட்டினார். அவ்வளவுதான். திரும்பி நடந்தபோது அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"முதல் தரமோ வாறீங்கள் எண்டு கேட்டான். ஓம் எண்டு சொன்னன்" என்றார் அம்மாவிடம்.

"அது உண்மைதானே" என்றார் அம்மா.

அப்பா இந்த ஊரில் இருந்ததேயில்லை என்று நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அங்கிருந்து வெளிச்சவீடு வரை அப்பா நடந்த நடையை இன்றுவரை நான் மறக்கவில்லை. வண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, எதிரே வந்தவர்களுக்கு வழி விடாமல் தெருவின் நட்டநடுவே நடந்தார். முதல்முறையாக நாங்கள் அவரை முந்திக்கொண்டு போனோம்.

கடல் வந்ததும் நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு நின்றேன். அம்மா மதிலில் அமர்ந்து குதிக்காலில் கண்டிருந்த கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கடலைப் பார்க்கவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றவர், "இஞ்சரும், இன்னொருக்கா நடந்து பாப்பமோ?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவாவது என் பக்கம் நிற்பார் என்று திரும்பிப் பார்த்தேன். இல்ஃபோர்டில் ரயில் நிலையம் தூரம் என்று நாள்தோறும் புறுபுறுக்கும் அம்மா, "ஓம், போவம்" என்று எழும்பிக் கொப்புளக் காலைச் செருப்புக்குள் நுழைத்தார். நான் அந்த இடத்திலேயே இருந்து பெரிதாக அழுதேன். கடல் இந்தா கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இவ்வளவு பாடுபட்டு வந்து சேர்ந்துவிட்டோம், பிறகும் ஏன் அதே தெருவால் நடக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.