கஷாயத்தை நிறுத்திப் பார்த்தேன்

தை இரண்டாவது ஞாயிறு காய்ச்சல் தொடங்கியது. வியாழன் எக்ஸ்ரே. வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாக ஒரு திட்டு... தேதி போடாமல் எனக்கு இருமக்கூட வராது என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்.

டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே எதிர்வீட்டு மல்லிகா டம்ளரோடு வந்துவிட்டார். ஆடாதோடைக் கஷாயம். கல்வராயன் மலையில் இருக்கும் அவருடைய அண்ணன், வெள்ளிமலை பஸ்ஸில் இலைக்கட்டு கொடுத்தனுப்புவாராம்.

கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. மல்லிகாவுக்கு ஒரு வழக்கம் — கொடுத்த டம்ளர் காலியாகும்வரை வாசற்படியை விட்டு எழமாட்டார்.

“இன்னா சார், மோந்து பாத்துக்கினே கீறீங்க? குடிங்க. டம்ளர எடுத்துக்கினுதான் போவேன்.”

நான் மெல்ல உறிஞ்சுவேன். அதற்குள் தெருக்கதை முழுக்க வந்துவிடும். மனைவி போன பிறகு இந்த வீட்டில் டிவியைத் தவிர வேறு குரல் கேட்டது அந்தச் சாயங்காலங்களில்தான்.

டாக்டரிடம் கேட்டேன். “குடிங்க சார், ஆனா மாத்திரைய நிறுத்திடாதீங்க” என்றார். தேடிப் படித்தேன். இருமல் சிரப்பில் சேரும் ஒரு மருந்துக்கே மூலம் இந்த இலையின் சத்துதான். சளியை இளக்கும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. நுரையீரல் தொற்றையே குணமாக்கும் என்பதற்கு? மனிதர்களிடம் செய்த உறுதியான சோதனை எதுவும் என் கண்ணில் படவில்லை.

சரி, என்னையே சோதித்தால் என்ன? மாத்திரையை நிறுத்த முடியாது. ஆகவே...

“மல்லிகா, நாளையிலேருந்து கஷாயம் வேண்டாம்மா. எது கேக்குதுன்னு தெரியணும்.”

“இருமல் போனா பத்தாதா? இன்னதாலதான் போச்சுன்னு போர்டு எழுதி மாட்டப் போறீங்களா?”

டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் வேண்டாம் என்றது கஷாயத்தைத்தானே? ஆனால் சும்மா வந்து உட்கார அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? மருந்தைச் சோதிப்பவர்கள் மருந்தின் பலனையும், அதைக் கொண்டுவரும் ஆளின் பலனையும் கவனமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எனக்கு அது தோன்றவில்லை. சாயங்காலமானால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருமினேன் — கொஞ்சம் சத்தமாகவே.

போன வாரம் மறுபடி எக்ஸ்ரே. திட்டு இல்லை. நல்ல செய்திதான். யாரிடம் சொல்வது? தெருவைத் தாண்டிப் போனேன்.

“நல்லாயிடுச்சு மல்லிகா.”

“சந்தோசம் சார். மாத்திரைதான்னு தெரிஞ்சி போச்சில்ல?”

“தெரியலம்மா. மொதல்ல ரெண்டையும் சேத்துக் குடிச்சேனே. அதுவுமில்லாம, ஒரு ஆளை வச்சு எதையும் சொல்ல முடியாது.”

“அப்போ இன்னாத்துக்கு வேணான்னீங்க?”

“இருமல் இல்லாதவங்களும் கஷாயம் குடிக்கலாமா?” என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். “நோவு இல்லாதவங்களுக்கு இன்னாத்துக்கு சார் கஷாயம்? டீ வேணா தரேன். ஆனா அந்த மாரி அரை மணி நேரம் உறிஞ்சிக்கினு இருக்கக் கூடாது. வூட்டுல வேலை கீது.”

கவனித்துத்தான் இருந்திருக்கிறார்.

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் திரும்பினேன். நாக்கு வெந்துவிட்டது — இதற்கு மட்டும் காரணம் சந்தேகமில்லாமல் தெரியும்.