இரண்டு சீட்டு வண்டி

பழைய வண்டியைப் புதுசாக்கும் தொழிலில் தகரத்தைத் தட்டி நிமிர்த்திவிடலாம், கொண்டுவந்தவர் மனசில் ஓடும் வண்டியைத்தான் பிடிக்க முடியாது. பட்டறை வைத்துப் பாடுபடும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சின்னமனூரில் என் பட்டறைக்கு வந்த பாண்டி சார், வங்கியில் ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா ஏலக்காய் வியாபாரி. கூரை மடங்குகிற, இரண்டே சீட்டு உள்ள சீமை கார் ஒன்று வைத்திருந்தாராம். பாண்டி சார் கைக்குழந்தையாக இருக்கும்போதே அதை விற்றுவிட்டாராம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவாவது கண்ணை மூடுவதற்குள் அதே மாதிரி வண்டியில் ஒருதடவை உட்கார வேண்டும் என்பது மகனின் ஆசை.

கோட்டயத்துத் தகரம்

அதே மாடல் கோட்டயத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிடந்தது. ஏறிப் பார்க்கலாமென்று உள்ளே காலை வைத்தேன், கால் மண்ணில் நின்றது. தூக்கி லாரியில் ஏற்றி, கயிறும் கட்டி முடித்த பிறகு, இது தேறாது என்பதை விற்றவர் நிதானமாகச் சொன்னார்: "சேட்டா, இது நன்னாவில்ல கேட்டோ."

கலர் பஞ்சாயத்து

இருந்த ஒரே போட்டோ கறுப்பு வெள்ளை. அம்மாவிடமே கேளுங்கள் என்றேன். திடீரென்று கொண்டுபோய் நிறுத்தி அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று பாண்டி சார் ஒரே பிடிவாதம். அவருடைய சொந்த ஊரான மார்க்கையன்கோட்டைக்குப் பெரியவர்களைத் தேடிப் போனோம். ஒருவர் சிவப்பு என்றார், ஒருவர் பச்சை என்று சத்தியமே செய்தார். மூன்றாமவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்: "கலரை யாருப்பா கண்டா? அவுக வண்டி போனா புழுதிதேன் தெரியும்."

சிவப்பே அடித்தோம்.

குஷன்

வயசானவர் சிரமமில்லாமல் ஏறி இறங்க வேண்டுமே என்று இடது சீட்டைப் பிரித்துப் பிரித்துத் தைக்கச் சொன்னார் பாண்டி சார். உயரம் கூட என்பார், பிறகு குறைச்சல் என்பார். கம்பத்துக் குஷன்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்: "ஆத்தாவ ஒருக்கா இங்கன கூட்டியாந்திருந்தா இம்புட்டுப் பாடு இல்லேல்ல சார்?"

குச்சனூர்

முதல் பூசை குச்சனூர் கோயிலில். புது வண்டியில் வீட்டுப் பெரிய மனுஷியை முதலில் உட்கார வைப்பது பாண்டி சார் வீட்டு வழக்கம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பாண்டி சார் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா வந்தார். சீட்டை மெல்லத் தடவிப் பார்த்தார். உட்காரவில்லை.

பாண்டி சாருக்கு ஓர் அக்கா இருந்து, சின்ன வயசிலேயே காய்ச்சலில் இறந்துபோனாள் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறது; அந்த அம்மா சொன்னதைக் கேட்டு நின்ற இடத்திலேயே அழுதேன்: "உங்கப்பா உங்கக்காளத்தேன் இதுல வச்சு ஓட்டுவாக. அவ போனதும் இதைப் பாக்கவே மாட்டாம வித்துப்புட்டாக. அவ சீட்டுல நான் எப்படிப்பா உக்காருவேன்?"

பெற்ற மனசு தாங்காமல் ஒரு மனிதர் கண்காணாமல் அனுப்பிவைத்த வண்டியை, ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த கெட்டிக்காரர்கள் நாங்கள்.