முறிகண்டியில் நின்ற லொறி

என் பொறுப்பில் வந்த பிள்ளை என் மடியிலேயே போய்விடப் போகிறாள் என்று நான் நடுங்கிய ஒரு மாலைப்பொழுதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளையாரை நம்புகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அறுபத்து மூன்றாம் ஆண்டு மார்கழி. மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் நான் எம்.ஏ. படிப்புத் தொடங்கி ஒரு தவணைதான் ஆகியிருந்தது. பெண்கள் விடுதியில் உதவி மேற்பார்வையாளர் வேலையும் எனக்குத்தான். அந்த வேலைக்காகத்தான் அறையும் சாப்பாடும். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் போதும், கதவில் தட்டு. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்கு அழுகை, ஒருத்திக்கு அறைத்தோழியோடு சண்டை. எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு நுனியில். பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, விடுமுறை முடிந்ததும் இந்த வேலையை உதறிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

விடுமுறைக்கு என்னோடு தவமலரை அனுப்பினார்கள். பூநகரிப் பிள்ளை, முதலாம் வருஷம். என் வீடு முரசுமோட்டை, இருவருக்கும் ஒரே பாதை. "தாயின்ர கையில ஒப்படைக்கும்வரை நீர்தான் பொறுப்பு" என்றார் தலைமை மேற்பார்வையாளர்.

பஸ்ஸில் மத்தியானம் அவளுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது. வவுனியாவில் இறங்கி ஆசுப்பத்திரிக்குப் போவோம் என்றேன். "இல்லை மிஸ், இப்ப நோவு குறைஞ்சிட்டுது. வீட்டை போவம்" என்று கெஞ்சினாள். அப்படித் திடீரென்று குறைவதுதான் ஆபத்து என்று எனக்கு எப்படித் தெரியும்?

புளியங்குளம் தாண்டியதும் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வாந்தி. உதடு வெளுத்துவிட்டது. மாங்குளமும் கழிந்து, முறிகண்டிக்குக் கொஞ்சம் முன்னால், பஸ் இருமி இருமி நின்றுபோனது. இரண்டு பக்கமும் காடு. மழை தூறிக்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்கியது. முறிகண்டி ஸ்டேஷனுக்கு அடுத்த ரயில் வர நடுச்சாமம் ஆகுமாம்.

நான் றோட்டில் நின்று கையைக் காட்டினேன். இரண்டு வாகனங்கள் சேற்றை அடித்துவிட்டுப் பறந்தன. "இது யானைக்காடு, தங்கச்சி. கையைக் காட்டினா இதில ஒருத்தனும் நிப்பாட்டான்" என்றார் சாரதி.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்களுக்காக நிற்கமாட்டார்கள். பிள்ளையாருக்காக நிற்பார்கள்! றோட்டோரத்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நின்று கும்பிடாமல் இந்தப் பாதையில் எந்த வாகனம் போகும்? பயணிகள் நாலுபேர் தவமலரைப் போர்வையில் கிடத்திக் கோயில்வரை தூக்கிவந்தார்கள். கோயில் வாசலில் அவளை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு கார் வந்தது. நான் எழும்புவதற்குள், நிற்காமலே சில்லறையைக் கோயில் பக்கம் எறிந்துவிட்டுப் போய்விட்டது. ஐயோ, எனக்கு வந்த ஆத்திரம்! அந்தக் கார்க்காரன்மேல் அல்ல, பிள்ளையார்மேல்.

"உனக்குக் கண் இல்லையோ?" என்று வாய்விட்டே கத்தினேன். "உடைக்க ஒரு தேங்காய்கூட என்னட்டை இல்லை. என்னட்டை இருக்கிறது என்ர படிப்பு ஒண்டுதான். வேணுமெண்டா அதை எடு. இந்தப் பிள்ளையைத் தா."

தவமலர் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

பிறகு ஒரு லொறி வந்தது. நல்ல வேகம். எங்களைக் கடந்தேவிட்டது. அடுத்த கணம் பிரேக் சத்தம் கேட்டது. லொறி நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி, நெல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக்கொண்டு வந்தார்; தொப்பி போட்ட ஒரு பெரியவர். முல்லைத்தீவில் வியாபாரம் செய்கிறவர், பெயர் காசீம்.

எங்களைக் கண்டதும் தேங்காயைக் கீழே வைத்துவிட்டார். "என்ன தங்கச்சி, பிள்ளைக்கு என்ன? ஏத்துங்கோ, கெதியா ஏத்துங்கோ!"

லொறி ஓடும்போது அவரே சொன்னார்: "எப்பவும் இதில நிண்டு ஒரு தேங்காய் உடைச்சிட்டுத்தான் போறனான். இண்டைக்கு நேரம் போட்டுது, நேர போவம் எண்டுதான் வந்தனான். ஆனா அந்த இடத்தைத் தாண்டேக்க காலே பிரேக்கில போயிட்டுது. அல்லாதான் என்னை நிப்பாட்டினவன்."

"பிள்ளையார்" என்றேன் நான்.

"ஆரெண்டாலும் நிப்பாட்டினது நிப்பாட்டினதுதானே" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கிளிநொச்சி ஆசுப்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். குடல்வால் வெடித்திருந்தது. அன்றே சத்திரசிகிச்சை. "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா இவவை எங்களிட்டைக் கொண்டுவந்திருக்கத் தேவையில்லை" என்றார் டொக்டர். மறுநாள் பூநகரியிலிருந்து ஓடிவந்த தாய், மகளைப் பார்க்குமுன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

அந்த விடுமுறை முழுக்க நான் என் எம்.ஏ. ஆய்வில் ஒரு வரிகூட எழுதவில்லை. பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். அவ்வளவுதான். எடு என்று நான் நீட்டிய படிப்பைப் பிள்ளையார் எடுக்கவில்லை. விடுதி வேலையையும் நான் விடவில்லை. இப்போது கதவில் தட்டுக் கேட்டால் புத்தகத்தை மூடிவிட்டு எழும்பிப் போகிறேன்.

உங்களுக்கும் காட்டு வழியில் எல்லாம் நின்றுபோன நேரம் வரும். கையில் ஒன்றுமில்லையே என்று கூசாதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே கூப்பிடுங்கள். அவர் கேட்பார்.

தவமலர் இப்போது நல்ல சுகம். விடுதிக் கதவு பூட்டிய பிறகு சிரித்துக்கொண்டு வந்து நிற்கிறாள். நான் அவளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறேன். ஏசி முடியும்வரை உள்ளுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.