எட்டாம் நம்பர் ஷூ

என் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. அதில் அண்ணனுடைய கறுப்பு ஷூ. வலது ஷூவின் குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்து, தோலில் மடிப்பு விழுந்து, நடந்து நடந்து பழக்கிய ஷூ என்று பார்த்தாலே தெரியும். இடது ஷூ இன்னும் புத்தம் புதிதாக இருக்கிறது. அதை அவன் பதினொரு நாள்தான் போட்டான். வீடு பெருக்கும்போதெல்லாம் பெட்டியை வெளியே இழுத்து, தூசி தட்டி, மறுபடி உள்ளே தள்ளிவிடுவேன். தூக்கிப் போடவும் தோன்றியதில்லை, திறந்து பார்க்கவும் தோன்றியதில்லை. துக்கமா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றுகூடச் சொல்லத் தெரியாது. மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தோம். மைதானத்தில் அவன் லெஃப்ட் விங். எங்கள் பக்கத்துப் பையன்கள் கால்பந்து பூட்ஸ் வாங்கினால் ஒரு நம்பர் குறைத்துத்தான் வாங்குவார்கள். வாங்கியதைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, காயும்வரை குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். "பூட்ஸுன்னா காலக் கப்புன்னு புடிக்கணும். லூஸா கீதுன்னா பந்து எங்க படுதுன்னே தெரியாது" என்பான் அண்ணன். அப்படி நொண்டி நொண்டி நடந்துவிட்டு, அதை ஏதோ கோப்பை வாங்கியது போலப் பெருமையாகச் சொல்லவும் செய்வான். பிறகு பந்தை விட்டான். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர் சரிபார்க்கும் வேலை. நாள் முழுக்க சிமென்ட் தரையில் நடை. இருபது வருடத்தில் பாதம் தட்டையானது, சர்க்கரையும் வந்து சேர்ந்துகொண்டது.

காலில் உணர்ச்சி குறைகிறது என்று ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் நூல் போன்ற ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது" என்றான். அவர் நூலை எடுத்து மேஜைமேல் வைத்த பிறகும் "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "கால்ல புண்ணு வந்தா உங்களுக்குத் தெரியாது. தெரியாம விட்டா விரல் போகும், அப்புறம் கால் போகும்" என்றார். பாதத்தை அச்செடுத்து, தடிமனான இன்சோல் ஒரு ஜோடி செய்து கொடுத்தார்கள். அதைச் செய்து கொடுத்த பெண், ஷூவோடு வரும் அட்டையை உருவிவிட்டு இதைப் போட வேண்டும், ஷூ அகலமாக, வழக்கத்தைவிட ஒரு நம்பர் பெரிதாக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். நான் தலையாட்டினேன்.

அந்த இன்சோலுக்கு ஏற்ற ஷூ கிடைப்பது லேசாக இல்லை. யார்டில் கறுப்பு ஷூதான் போட வேண்டும். ஒரு கடையில் உள் அட்டையை ஒட்டியே வைத்திருந்தார்கள், உருவ வரவில்லை. இன்னொன்றில் இன்சோல் போட்டதும் குதிகால் ஷூவைவிட்டு மேலே ஏறி நின்றது. அகலமாக இருந்த ஒன்றைப் போட்டு நான்கு அடி நடந்தவன், "போட்ட மாதிரியே இல்ல பாப்பா" என்று கழற்றிவிட்டான். கடைசியாக வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம்; அது எட்டாவது கடை. வெயில், கூட்டம், எனக்கு வீட்டில் உலை வைக்கும் நினைப்பு. கடைக்கார பாய் பொறுமையானவர். எட்டாம் நம்பரையும் ஒன்பதாம் நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அண்ணன் எட்டைப் போட்டு எழுந்து நின்றதும் முகம் மலர்ந்தது. "இப்பதான் காலுன்னு ஒண்ணு கீறதே தெரியுது" என்றான்.

பாய் என்னைப் பார்த்தார். "இன்சோல் மேல எடம் கீதான்னு உள்ள கை வுட்டுப் பாரும்மா. அவருக்குத் தெரியாது."

"அதான் அண்ணனே சொல்லுதே பாய். அது பந்தாடுன காலு" என்றேன்.

பாய் எட்டாம் நம்பரையே பெட்டியில் போட்டுக் கட்டினார். வழியில் ஆட்டோவில் அண்ணன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தான். எனக்கும் ஒரு வேலை முடிந்த நிம்மதி.

பன்னிரண்டாம் நாள் காலை அண்ணி அவன் சாக்ஸைத் துவைக்க எடுத்தபோது அதில் ரத்தம் காய்ந்திருந்தது. இடது சுண்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்து, உள்ளே கறுத்திருந்தது. அவன் ஆச்சரியமாகப் பார்த்தான், யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போல. முதலில் இரண்டு விரல் எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே. மரத்த காலுக்கு இறுக்கம் ஒன்றுதான் தெரியும், அதனாலேயே பலர் சின்ன ஷூவைப் பிடித்துப்போய் வாங்குகிறார்கள் என்று டாக்டரம்மா அப்போதுதான் விளக்கினார். இடது பக்கம் கட்டைக்காலை ஊன்றி, வலது ஷூவை மட்டும் மாட்டிக்கொண்டு, ஒன்றரை வருடம் நடமாடினான். வலது காலுக்கு அது எப்படியோ ஒத்துப்போனது. ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. "நீ இன்னா பண்ணுவ பாப்பா, நாந்தானே கேட்டு வாங்கனேன்" என்பான். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மாரடைப்பில் போனபோது நான் அழவில்லை. வந்தவர்களுக்கு டீ கொடுத்தேன்.

இப்போது எனக்கும் சர்க்கரை. போன மாதம் எனக்கும் இன்சோல் செய்து கொடுத்தார்கள். அதே கடைக்குத்தான் போனேன். பாய்க்குத் தாடி முழுக்க நரைத்துவிட்டது, என்னை அடையாளம் தெரியவில்லை. ஆறாம் நம்பர் ஷூ ஒன்றில் இன்சோலைப் போட்டுக் கொடுத்தார். மாட்டி நின்றேன். சுகமாக இருந்தது. பாதத்தை யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல அவ்வளவு சுகமாக இருந்தது.

"சரியா கீதாம்மா?" என்றார்.

"எனக்கு நல்லாத்தான் கீது பாய். என் காலு சொல்றத நம்பாத. நீ கை வுட்டுப் பாத்துச் சொல்லு" என்று கழற்றிக் கொடுத்தேன்.

உள்ளே கையை விட்டவர் உடனே எடுத்துவிட்டு, "எடமே இல்லியேம்மா" என்று ஏழாம் நம்பரை எடுக்கப் போனார்.

வீட்டுக்கு வந்து புது ஷூவை வாசலில் வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தேன். அண்ணனுடைய இடது ஷூவில் இன்சோல் இன்னும் அப்படியே இருந்தது. உள்ளே கையை விட்டேன். விரல் முட்டி வரைதான் போனது, அதற்குமேல் சிக்கிக்கொண்டது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.