கெமராவுக்குப் போட்ட முக்காடு

றம்லத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. கட்டுகஸ்தோட்டையில் சொந்த வீடு, வீட்டில் அவள் ஒருத்திதான். ஆனாலும் பகல் முழுக்க முக்காட்டோடுதான் இருப்பாள். ஹோல் மூலையில் மகன் ஸாகி பூட்டுவித்த கெமரா இருக்கிறது. தோஹாவில் ஓர் அறையில் ஆறு பேரோடு இருக்கும் அவன் போனில் உம்மாவைப் பார்க்கிற நேரம், பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனும் எட்டிப் பார்த்தால்? புருஷன் மௌத்தாகி, விதவை வெளியே வராத இத்தாவில் அடைந்திருந்தபோதுகூட நாலு மாசம் பத்து நாள் என்று ஒரு கணக்கு இருந்தது. இதற்குக் கணக்கே இல்லை.

மகனைக் குறை சொல்லவும் வாய் வராது. போன வருஷம் அவள் அக்குறணையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தபோது, இதே ஹோலில் விழுந்த புருஷன் மூன்று மணித்தியாலம் தனியாகக் கிடந்துதான் மௌத்தானார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு ஸாகி கெமராவைப் பூட்டுவித்தான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்த வீட்டில் இரண்டுமே பித்து. கல்லாக இருந்திருந்தால் றம்லத் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள்.

அவளைத் தேடி வரும் ஒரே ஆள் அங்கம்மா. முன்பு புசல்லாவைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவள், இப்போது இந்தப் பக்கத்து ரோடு கூட்டுகிறாள். பத்து மணிக்கு விளக்குமாற்றை கேற்றில் சாய்த்துவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்க வருவாள். முழங்கால் வலியிலிருந்து ஊர் வம்பு வரை இருவரும் பேசித் தீர்ப்பார்கள். அந்தக் கால் மணித்தியாலத்துக்காகத்தான் றம்லத் காலையில் எழும்புவதே.

அந்த நேரம் ஸாகி வேலையில் இருப்பான்; இந்தக் கிழமைதான் நைட் ஷிப்டுக்கு மாறியிருந்தான். முந்தாநாள் அங்கம்மா கதிரையில் உட்கார்ந்து ஒரு மிடறுதான் குடித்திருப்பாள். கெமரா பேசியது.

"உம்மா, ஆரு அது? கண்டவங்களயும் உள்ளுக்கு எடுக்க வாணாம்."

அங்கம்மா கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நான் வர்றேன் தங்கச்சி. புள்ள பயப்படுது."

அதில் கொஞ்சம் கோபம் இருந்திருந்தாலும் றம்லத்துக்குத் தேவலாம் போலிருந்தது. அவள் போனதும் கெமராவின் வயரைப் பிடுங்கினாள். முக்காட்டையும் கழற்றி எறிந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு பகலில் பிடரியில் காற்றுப் பட்டது. ஒரு நிமிஷம்தான். போன் அடித்தது.

"உம்மா, விழுந்திட்டீங்களா?"

"விழல்ல மகன். அவ என்ட கூட்டாளி. நீங்க பேசினது பிழை."

"மாப்புச் செய்ங்க உம்மா. ஆனா அத மட்டும் ஓஃப் பண்ணாதீங்க. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து உங்களப் பார்த்துக்கொண்டுதான் நான் நித்திர கொள்ற. இல்லாட்டி வாப்பா விழுந்து கிடக்கிறதுதான் கண்ணுக்குள்ள வருது."

அவன் அழுதான். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை. றம்லத் வயரைத் திரும்பச் சொருகினாள்.

நேற்று அங்கம்மா வரவில்லை. இன்று பத்து மணிக்கு ஸாகி வேலையால் வந்து படுத்திருப்பான். அவனுக்குத் தெரியும்படி றம்லத் ஹோல் சோபாவில் முக்காட்டோடு சாய்ந்திருந்தாள். அவன் நன்றாக அயரும்வரை எழும்ப முடியாது. ஆள் நடமாடினால் அவனுடைய போனில் மணியடிக்கும், திடுக்கிட்டு எழும்பிவிடுவான்.

ரோட்டில் கூட்டும் சத்தம் கேட்டது. அது கேற்றடிக்கு வந்து நின்றது. ஓடிப்போய் அங்கம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவர றம்லத்தின் உடம்பெல்லாம் துடித்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் மறுபடி தொடங்கி அடுத்த வீட்டுப் பக்கம் நகர்ந்தது. பிள்ளை தூங்கட்டும் என்று அவள் அசையாமல் கிடந்தாள்.